கேமராவில் செவலை

வேலந்தாவளத்தில் மாட்டுச்சந்தை கூடிய மறுநாள் எங்கள் ஊரில் கூடும். அங்கே விலை படியாத மாடுகளும், அங்கே யாரும் சட்டை செய்யாத தரகர்களும் இங்கே வந்து சேர்வார்கள். அதனால் எங்கள் சந்தைக் கமிட்டித் தலைவர் ராஜசேகருக்கு வேலந்தாவளம் என்ற பேரைக் கேட்டாலே வயிறு எரியும். அந்தச் சந்தைக்காரர்கள் வாயைப் பிளக்கும்படி ஏதாவது செய்ய வேண்டும் என்று வெகுநாள் யோசித்து, கடைசியில் கேமரா வைப்பது என்று முடிவு செய்தார்.

கேமரா வாங்க மனம் வந்த கமிட்டிக்கு, அதை மாட்ட ஒரு கம்பம் நட மனம் வரவில்லை. சந்தை வாசலுக்கு நேர் எதிரே என் சாப்பாட்டுக் கடை இருக்கிறது. என்னை ஒரு வார்த்தை கேட்காமல் சுவரில் ஓட்டை போட்டு, என் மீட்டரிலிருந்தே ஒயரை இழுத்தார்கள். நான் கரண்டியோடு வெளியே வந்தபோது தலைவர் வலது கையால் ஏணியைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் தன் கருகரு மீசையை முறுக்கிக்கொண்டு நின்றிருந்தார்.

"செல்வலட்சுமி, நீயும் ஊருக்கு ஒரு சேவை செஞ்ச மாதிரி இருக்கட்டும் அம்முணி" என்றார்.

எங்கள் ஊரில் சேவை எப்போதும் அடுத்தவர் வீட்டுக் கரண்டில்தான் நடக்கும்.

கேமராவைக் கொண்டுவந்தவன் நியாஸ். கொழிஞ்சாம்பாறையில் அவனுடைய அத்தா துணிக்கடை வைத்திருக்கிறார். அந்தக் கடையைப் பாதியாகத் தடுத்து இவன் கேமரா வியாபாரம் செய்கிறான். இருப்பதிலேயே மலிவானதைத்தான் கமிட்டி கேட்டது, இருப்பதிலேயே மலிவானதைத்தான் அவனும் கொடுத்தான். ஆனால் அட்டைப்பெட்டியில் எழுதியிருந்ததைப் படித்தால் அது ராக்கெட்டில் மாட்ட வேண்டிய சாமான். நாலு கே தெளிவு, செயற்கை அறிவு, வண்டி நம்பரை வாசிக்கும், மனுஷனையும் மாட்டையும் பிரித்துச் சொல்லும் என்று ஒரு பக்கம் முழுக்கப் பெருமை. தலைவர் ஏணியில் ஏறி ரிப்பனை வெட்டி உத்காடனம் செய்தார். கீழே நின்றவர்கள் கேமராவைப் பார்க்கவில்லை, ஏணி வழுக்குமா என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சந்தை வாசலை என் சுவரிலிருந்து பார்க்கிற அந்தப் படம் நேராகத் தலைவரின் போனுக்குப் போகாது. முதலில் கடல் தாண்டி ஏதோ ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டருக்குப் போய், அங்கிருந்து திரும்பித்தான் அவர் போனுக்கு வரும். கொஞ்ச நாள் வந்தது. பிறகு அந்தக் கம்பெனி கடையைச் சாத்திக்கொண்டு போய்விட்டது. அதன் பிறகு கேமராவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "கனெக்ஷன் ஃபெயில்ட், கனெக்ஷன் ஃபெயில்ட்" என்று சந்தை முழுவதும் கேட்கும்படி கத்த ஆரம்பித்தது. மாடுகள் மிரண்டன. என் கடையில் சாப்பிட உட்கார்ந்தவர்கள் எழுந்து போனார்கள். கமிட்டி நியாஸைப் பிடித்துக்கொண்டது.

நியாஸ் சோம்பேறி இல்லை, அதைச் சொல்ல வேண்டும். இண்டர்நெட்டில் தேடிப் பார்த்து ஒரு வழி கண்டுபிடித்தான். கேமராவுக்குள் கம்பெனி வைத்திருக்கும் மென்பொருளை அடியோடு அழித்துவிட்டு, உலகத்தில் அங்கங்கே இருக்கிறவர்கள் சேர்ந்து எழுதி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிற வேறொன்றை ஏற்றிவிடலாமாம். அதற்குப் பிறகு படம் எந்தக் கடலும் தாண்ட வேண்டாம். நம் கேமரா, நம் மெமரி கார்டு, நம் டிவி. என் கடையில் கரண்டு இருக்கிறது என்பதால் என் மேஜையிலேயே கேமராவைப் பிரித்துப் போட்டு, மூன்று மெல்லிய கம்பிகளை உள்ளே பற்றவைத்து லேப்டாப்போடு இணைத்தான். முதல் கேமரா அப்படியே செத்துப்போனது. தன் கடையிலிருந்து கொண்டுவந்த இரண்டாவது கண் திறந்தது.

"அக்கா, உள்ள பாத்தா சிரிப்பு வருதுக்கா" என்றான். "நாலு கேயும் இல்ல, ஒண்ணும் இல்ல. சின்னப் படத்த இழுத்து நீட்டிப் பெருசாக் காட்டியிருக்கான். மெமரின்னு பேருக்குத் துளியூண்டு இருக்குது. மாடு எது, மனுசன் எதுன்னு பிரிக்கற அறிவு இதுக்குள்ள உக்காரவே எடமில்ல."

"கமிட்டி வாங்கின சாமானில்ல, அவங்களுக்குத் தகுந்த மாதிரிதான இருக்கும்" என்றேன்.

ஆனால் ஒரு குறை நின்றுவிட்டது. லென்சுக்குப் பின்னால் ஒரு பொடிக் கண்ணாடி இருக்கிறதாம். பகலில் அது குறுக்கே வந்து நிற்க வேண்டும், இருட்டினால் விலக வேண்டும். அதை எந்தக் கம்பி நகர்த்துகிறது என்று பழைய மென்பொருளுக்குத் தெரியும். புதியதற்கு நாம்தான் சொல்லித்தர வேண்டும். மலிவுக் கேமராவில் ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு கம்பியாம், எந்த விவரமும் வெளியே கிடைக்காதாம். நியாஸ் எதையெதையோ மாற்றிப் பார்த்தான். கண்ணாடி விலகிய இடத்திலேயே சிக்கிக்கொண்டது. அதனால் பகல் படத்தில் நிறமெல்லாம் கோளாறானது. என் கடையோரத்து வேப்பமரம் வெள்ளையும் ரோஸுமாகத் தெரிந்தது. என் கறுப்புக் குடை, காவி நிறத்தில் சாமியார் குடையாக மாறியிருந்தது.

அவன் தலைவரிடம் போய்ச் சொன்னான். நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

"பகல்ல கலரு சரியா வரலீங்க. ஒரு வாரம் டைம் குடுத்தீங்கன்னா பாத்துடறேன்."

"ஆளு தெரியுதா? மாடு தெரியுதா? அப்பறம் என்ன? கலரு பாக்கறதுக்கு இதென்ன சினிமாக் கொட்டாயா?"

தலைவருக்கு அதற்குள் வேறு நினைப்பு வந்துவிட்டது. திறந்த மென்பொருள் என்ற சொல் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பாலக்காடு ஜில்லாவிலேயே முதல் சுதந்திரக் கேமரா என்று பிளெக்ஸ் அடித்து, இரண்டாவது தடவையும் உத்காடனம் வைத்தார். நிறத்தைக்கூடச் சரியாகக் காட்டாத கேமராவுக்கு முன்னால் நின்று, அந்நியக் கம்பெனிகளின் பிடியிலிருந்து சந்தையை விடுவித்ததாகப் பேசினார். நியாஸுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். பொன்னாடை தோளில் விழுந்ததும் அவன் அந்தக் கண்ணாடியைச் சுத்தமாக மறந்துவிட்டான்.

கற்பகத்தின் மாடு காணாமல் போனது அதற்குப் பிறகு.

கற்பகம் பக்கத்து ஊர்க்காரி. புருஷன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன், போனவன்தான். ஒரே ஒரு கறவை, சுத்தமான காரி, உடம்பெல்லாம் கறுப்பு. நெற்றியில்கூட ஒரு வெள்ளைப் பொட்டு கிடையாது. அந்தப் பாலைச் சொசைட்டியில் ஊற்றித்தான் அவளும் இரண்டு பெண் பிள்ளைகளும் சாப்பிடுகிறார்கள். அன்றைக்கு அவள் விற்க வந்தது மாட்டை இல்லை, அதன் காளைக்கன்றை. தாய் முன்னால் நடக்காவிட்டால் கன்று ஓரடி எடுத்து வைக்காது. அதனால் இரண்டையும் ஓட்டி வந்திருந்தாள்.

எங்கள் பக்கத்துச் சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள். துண்டுக்குள் இரண்டு பேரும் கையை விட்டு விரலைப் பிடித்துப் பேசுவார்கள். பெண்கள் துண்டுக்குள் கை விடுவதில்லை, அவர்களுக்காகத் தரகர் பேசுவார். அப்போது விற்கிறவள் தரகரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். அவர் புருவம் ஏறினால் விலை ஏறுகிறது, இறங்கினால் இறங்குகிறது. இவள் தலையசைத்தால் சம்மதம். இவள் பார்வையை வேறு பக்கம் திருப்பினால் பேரம் வேண்டாம் என்று அர்த்தம், அந்தக் கன்றை அன்றைக்கு வேறு யாரும் தொடமாட்டார்கள்.

கற்பகத்துக்காகப் பேசியவர் மாரீஸ்வரன். தலைவருக்கு மச்சினன். அன்று அந்தத் துண்டு விலகவே இல்லை. மாரீஸ்வரனின் புருவம் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது, கற்பகமும் கண்கொட்டாமல் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசியில் விலை படியாமல் துண்டு விலகியபோது பின்னால் கன்று மட்டும் நின்று கத்திக்கொண்டிருந்தது. மாடு கட்டியிருந்த இடத்தில் சாணம்தான் கிடந்தது.

அவள் அழுதபடி கமிட்டி ஆபீசுக்கு ஓடினாள். கார்டை எடுத்து நியாஸின் லேப்டாப்பில் போட்டுப் பார்த்தார்கள். தலையில் துண்டு போட்ட ஒருவன் வாசல் வழியாக ஒரு மாட்டை ஓட்டிக்கொண்டு போகிறான். பெரிதாக்கினால் அவன் முகம் நாலைந்து கட்டங்களாக உடைந்தது. மாட்டின் காதில் இருந்த நம்பர்த் தோடு மஞ்சளாக ஒரு புள்ளி, அதில் நம்பரும் இல்லை ஒன்றும் இல்லை. வண்டி நம்பரை வாசிக்கும் என்று எழுதிய மகராசன் அப்போது கையில் கிடைத்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். மிச்சம் இருந்தது நிறம் ஒன்றுதான்.

"உன்ற மாடு என்ன கலரு?" என்றார் தலைவர்.

"காரிங்க."

"இதுல தெரியறது என்ன கலரு?"

சுற்றி நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பழுத்த செவலை. நாட்டு ஓடு மாதிரி இருந்தது.

மாரீஸ்வரன் தொண்டையைச் செருமினார். "அது நான் அன்னிக்கு வேற ஒருத்தர்கிட்டப் புடிச்ச செவலைங்க. என்ற ஆளுதான் ஓட்டிட்டுப் போனான். தோட்டத்துக் கொட்டில்ல கெடக்குது."

"அப்ப கொட்டிலத் தொறந்து காட்டுங்க. நான் பாத்துட்டுப் போயிடறனுங்க" என்றாள் கற்பகம்.

"கண்டவங்க வந்து நிக்கறதுக்கு அதென்ன சத்திரமா? கமிட்டி சொல்லட்டும், தொறக்கறேன்."

கமிட்டி சொல்லவில்லை. கேமரா பொய் சொல்லாது என்று மட்டும் சொன்னது. போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். சந்தைக்குள் நடந்த விஷயம், கமிட்டியில் ஒரு வார்த்தை எழுதி வாங்கி வா, பிறகு பார்க்கலாம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவள் தினமும் வந்து ஆபீஸ் வாசலில் நிற்பாள், கால் வலித்தால் என் கடை பெஞ்சில் வந்து உட்காருவாள். சொசைட்டியில் அவள் பேருக்கு எதிரே கோடு போட்டுவிட்டார்கள். வீட்டில் கன்று கத்திக் கத்திக் குரல் கம்மிப்போய்விட்டது என்றாள்.

நான் தலைவரிடம் நேராகவே கேட்டேன். "அந்தக் கேமராவுல என்ற கறுப்புக் குடையே காவியாத்தானுங்க தெரியுது. காரி செவலையாத் தெரியாதா?"

"டெக்னிக்கல் விஷயமெல்லாம் உனக்கெதுக்கு அம்முணி? நியாஸ் சொல்லட்டும். நீ போயிச் சாம்பாரப் பாரு."

நியாஸ் சொல்லவில்லை. கடைக்கு வந்தவனைப் பிடித்து உலுக்கினேன்.

"இப்பப் போயி கலரு தப்புன்னா, ஏன்டா பொன்னாடை வாங்கினேன்னு கேப்பாங்கக்கா. நாலஞ்சு ஊர்ல இதே கேமராவ மாட்டி வச்சிருக்கேன். எல்லாரும் கழட்டிட்டு வந்து என்ற தலையில போடுவாங்க. அத்தா என்னைக் கடைக்குள்ள விட மாட்டாரு."

"அவ புள்ளைங்க பாலுக்கு அழுவுது, உனக்கு அத்தா பயமா?"

தலையைக் குனிந்துகொண்டான். ஊருக்கே சுதந்திரம் வாங்கிக் கொடுத்தவனுக்கு வாயைத் திறக்கத் தைரியம் இல்லை. அன்று அவனுக்குச் சோறு போடவில்லை, போ என்று அனுப்பிவிட்டேன்.

கற்பகம் விடவில்லை. பஞ்சாயத்து மெம்பர் அம்மாவிடம் போய் மனு கொடுத்தாள். எல்லோர் முன்னாலும் இன்னொரு தடவை படத்தைப் போட்டுக் காட்டி முடிவு சொல்லுங்கள் என்று மெம்பர் கமிட்டிக்குச் சொல்லிவிட்டார். தலைவர் அதற்கும் பயப்படவில்லை. படம்தான் தன் பக்கம் இருக்கிறதே. கல்யாண மண்டபத்திலிருந்து பெரிய டிவியைக் கொண்டுவந்து கமிட்டி ஹாலில் வைத்தார். தரகர்கள், வியாபாரிகள், சொசைட்டிக்காரர்கள் என்று ஹால் நிறைந்துவிட்டது. நான் கடையை அப்படியே போட்டுவிட்டு வந்து வாசற்படியில் நின்றேன்.

படம் ஓடியது. துண்டு போட்டவன் வந்தான், மாடு வந்தது. பெரிய டிவியில் அந்தச் செவலை இன்னும் நன்றாகவே பழுத்திருந்தது.

"எல்லாரும் பாத்துக்குங்க" என்றார் தலைவர். "அப்பறம் கமிட்டி மேல குத்தம் சொல்லக் கூடாது. கேமராவுக்கு மாமனும் இல்ல, மச்சானும் இல்ல."

"சித்த நிறுத்துங்க" என்றாள் கற்பகம்.

நியாஸ் நிறுத்தினான். அவள் எழுந்து டிவி பக்கத்தில் போய், வாசல் ஓரத்தில் ஒரு மூலையைத் தொட்டுக் காட்டினாள். லேப்டாப்பில் பார்த்தபோது யாரும் அந்த மூலையைப் பார்த்திருக்கவில்லை. அங்கே ஒரு கிழவர் நின்றுகொண்டிருந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. தலைமுடியும் மீசையும் பஞ்சுமிட்டாய்போல வெளிறிய ரோஸ் நிறம்.

"இந்தப் பெரியவரு யாருங்க? மாடு இவரு மூக்குக்கு முன்னாலதான போகுது. இவரக் கூப்புட்டுக் கேளுங்க. காரியா செவலையான்னு இவரு சொல்லட்டும், நான் ஒத்துக்கறேன்."

எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள், ஆளைத் தெரியவில்லை. எனக்கும் முதலில் ஆள் பிடிபடவில்லை. அவ்வளவு வயதான ஆள் எங்கள் கமிட்டியில் கிடையாது.

"கொஞ்சம் ஓட்டு" என்று பின்னாலிருந்து யாரோ சொன்னார்கள். நியாஸ் ஓட்டினான். டிவியில் இருந்த கிழவர் இடது கையைத் தூக்கி மீசையின் ஒரு பக்கத்தை மேல்நோக்கி முறுக்கினார். ஹாலில் மேடை மேல் நின்ற தலைவரும் அந்த நேரத்தில் இடது கையால் மீசையைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தார். கையை எடுக்க அவருக்குத் தோன்றவில்லை.

தலைவர் மாதம் தவறாமல் கோவைக்குப் போய் எந்தச் சலூனில் உட்கார்ந்துவிட்டு வருகிறார் என்பது ஊருக்கே தெரியும். தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர் ஒருவர்தான். முன் வரிசையில் யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்துவிட்டார்கள், ஹால் முழுக்கச் சிரிப்புப் பற்றிக்கொண்டது. மெம்பர் அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

கற்பகம் மட்டும் சிரிக்கவில்லை. "ஏனுங்க, யாருன்னு சொன்னீங்கன்னா நானே போயிக் கேக்கறனுங்க" என்று மறுபடியும் கேட்டாள்.

தலைவர் முகத்தைப் பார்த்தேன். கேமரா பொய் சொல்லாது என்றால் அந்த மீசையும் உண்மை. மீசை பொய் என்றால் செவலையும் பொய். ஒரு பக்கம் மச்சினன், இன்னொரு பக்கம் மீசை. ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

"அது நான்தான்" என்றார். "கேமராவுல கலரு தப்பு. முழுக்கத் தப்பு. ஏன்டா நியாஸ், ஊமையாட்ட உக்காந்திருக்கற? சொல்றா!"

கூண்டு திறந்துவிட்ட கோழி மாதிரி நியாஸ் எழுந்தான். "தப்புங்க! நான் அன்னிக்கே சொன்னனுங்க. உள்ளார ஒரு கண்ணாடி சிக்கிருச்சு. பகல்ல காரி மாடு செவலையாத்தான் தெரியும். கறுப்பு முடிகூடச் செவலையாத் தெரியும். ஆனா சாயம் போட்ட முடின்னா மட்டும்..."

"போதும், உக்காரு!"

"அப்ப அது காரியா இருக்கலாமில்லீங்க?" என்றார் மெம்பர்.

"இருக்கலாம்ங்க. எதுவேணா இருக்கலாம். மாரீசு, போயிக் கொட்டிலத் தொற" என்றார் தலைவர். அவர் அவளுக்காகச் சொல்லவில்லை, தன் மீசைக்காகச் சொன்னார். நியாயம் எங்கள் ஊருக்கு வருவதே அபூர்வம், வந்த வழியை யாரும் கிளறவில்லை.

ஹாலே எழுந்து மாரீஸ்வரன் தோட்டத்துக்கு நடந்தது. கொட்டில் கதவைத் திறந்ததும் காரி நின்றது. சுத்தமான காரி, நெற்றியில் ஒரு பொட்டு வெள்ளை இல்லை. கற்பகத்தின் குரலைக் கேட்டதும் தலையை ஆட்டி, கட்டியிருந்த கயிற்றை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தது. அவள் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

எல்லோரும் மாரீஸ்வரனைப் பார்த்தார்கள். அவர் கொஞ்சமும் கலங்கவில்லை.

"மாடு மாறிப்போச்சாட்ட இருக்குதுங்க. படத்துல செவலையாத் தெரிஞ்சுதுங்களா, அதான் நானும் இத செவலைன்னே நெனச்சுட்டனுங்க."

"ஆமா, படத்துல அப்படித்தான் இருந்துது" என்றார் தலைவர். கமிட்டி உறுப்பினர்களும் தலையசைத்தார்கள். தினமும் அந்த மாட்டுக்குத் தீவனம் வைத்துப் பால் கறந்த ஆள், அதன் நிறத்தை என் சுவரில் தொங்கும் கேமராவைக் கேட்டுத் தெரிந்துகொண்டானாம். அதையும் ஒரு கமிட்டி உட்கார்ந்து ஒப்புக்கொள்கிறது. என் வாயில் வந்ததையெல்லாம் சொல்லத்தான் நான் முன்னால் போனேன்.

அப்போதுதான் கொட்டில் மூலையைப் பார்த்தேன். கழுவிக் கவிழ்த்த பால் தூக்குப்போசி ஒன்று அங்கே இருந்தது. மூடியில் சிவப்புப் பெயிண்டில் என் கடைப் பேர். என் கடைக்குப் பால் ஊற்றுகிறவர்களில் மாரீஸ்வரனும் ஒருவர். கொஞ்ச நாளாகப் பால் கூடுதலாக வருகிறது, நன்றாகக் கெட்டியாகவும் இருக்கிறது, டீ பிரமாதம் என்று வருகிறவர்கள் எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஏன் கூடுதலாக வருகிறது என்று நான் கேட்கவில்லை. பால் கெட்டியாக வந்தால் எந்தக் கடைக்காரியும் கேட்க மாட்டாள்.

கற்பகமும் அந்தப் போசியைப் பார்த்துவிட்டாள். மூடியை எடுத்துப் பேரை வாசித்தாள். ஆபீஸ் வாசலில் நின்று நின்று ஓய்ந்து என் பெஞ்சில் வந்து உட்கார்ந்த ஒவ்வொரு நாளும், நான் காசு வாங்காமல் அவளுக்கு நீட்டிய டீ டம்ளர்கள் அத்தனையும் அவளுக்கு ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"அப்ப நான் குடிச்சதெல்லாம் எம்பட மாட்டுப் பாலுங்களாக்கா?" என்றாள்.

கோபமாகக் கேட்டிருந்தால் பதிலுக்கு நானும் கத்தியிருப்பேன். அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் முன்னால் போனது யாரைத் திட்டுவதற்கு என்று எனக்கே மறந்துபோனது. அவள் மூடியை என் கையில் கொடுத்துவிட்டு, கயிற்றை அவிழ்த்து மாட்டை ஓட்டிக்கொண்டு போனாள்.